கோப்புக் காட்சி

ஒருத்தியின் அழுகை யாருக்குச் சொந்தம்? அழுதவளுக்கா, அதைப் படம் பிடித்தவனுக்கா, சோறு தின்றுகொண்டே அதைப் பார்த்தவர்களுக்கா? ஆரோக்கியசெல்வி இப்படி ஒரு கேள்வியைத் தன் வாயால் கேட்டதில்லை. கேள்வியைவிடக் கோபம்தான் அவளுக்குச் சுலபமாக வரும். ஆனால் அவள் டிவி வேலைக்குப் போன முதல் சில மாதங்களைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால், எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருப்பது தெரிகிறது.

விழுப்புரத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று, பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களுடைய காலனியில் நாலு வீட்டுக்காரர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

"நியூஸ் வாசிக்கப் போறியா செல்வி?" என்று கேட்டாள் எதிர்வீட்டு ஜெயம்.

"இல்லக்கா, எடிட்டிங். எடுத்தாந்த படத்த வெட்டி ஒட்டுற வேல."

"அப்போ உன் மூஞ்சி வராதா?"

"வராது."

"அப்பறம் இன்னாத்துக்கு டிவின்னு சொல்லிக்கினு கீற?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அம்மா சவுரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. விதைக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உரித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றுவிட்டது.

"எந்த டிவி?" என்று மகளைக் கேட்டாள். செல்வி சேனலின் பெயரைச் சொன்னாள்.

"அதா."

"இன்னா அதா?"

"ஒண்ணுமில்ல. போ. நல்லபடியா பண்ணு."

செல்விக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவளுடைய பதினாலாவது வயதில் அப்பா ராயப்பன் போய்விட்டார். பக்கத்து ஊரில் ஒருவர் கிணறு ஆழப்படுத்தியபோது மண் சரிந்து, உள்ளே இருந்தவர் பிணமாகத்தான் மேலே வந்தார். அதன்பிறகு செல்வி கன்னியர் மடத்து விடுதியில் தங்கிப் படித்தாள். திண்டிவனத்தில் பி.காம்., புதுச்சேரியில் ஆறு மாதம் வீடியோ எடிட்டிங், அப்புறம் திண்டிவனத்திலேயே ஒரு ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ வெட்டும் வேலை. அபாரமான திறமை என்று சொல்லிவிட முடியாது. கையில் வேகம் இருந்தது, சொன்ன நேரத்துக்கு முடிப்பாள். பெரும்பாலான வேலைகளுக்கு உலகம் கேட்பது அவ்வளவுதான்.

விடுதியில் டிவி கிடையாது. வீட்டில் டிவி இருந்தும் கேபிள் இல்லை. அப்பா செத்த வருஷமே சவுரியம்மாள் கம்பியைப் பிடுங்கச் சொல்லிவிட்டாள். துக்கம் என்று செல்வி நினைத்திருந்தாள்.

சேனல், விழுப்புரம் பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு ஃபர்னிச்சர் கடையின் மாடியில் இருந்தது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கேமராக்காரர், செய்தி வாசிக்க மலர்விழி. மலர்விழி மேசைக்கு மேலே பட்டுப்புடவையும் மேசைக்குக் கீழே ரப்பர் செருப்புமாக உட்கார்ந்து மாவட்டத்தின் சாவு, திருட்டு, திருவிழா எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசிப்பாள். இவர்களுக்கெல்லாம் மேலே செய்தி ஆசிரியர் சீனுவாசன். ஐம்பதை நெருங்கும் மனிதர், கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டீ வந்தால் எல்லோருக்கும் ஊற்றிவிட்டுத்தான் தான் குடிப்பார்.

"கல்யாண வீடியோ கை," என்று முதல் நாளே செல்வியைச் சீண்டினார். "பூ தூவுற எஃபெக்டெல்லாம் இங்க போடாத தாயி. சாவு நியூஸ்ல பூ விழுந்துச்சின்னா மொதலாளி என் மேல விழுவாரு."

படம் இல்லாத செய்தி ஓடாது என்பது அங்கே வேதம். ஒரே கேமராவை வைத்துக்கொண்டு திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டி என்று எத்தனை இடத்துக்கு ஓடுவது? பாதிச் செய்திகள் வாட்ஸ்அப்பில் நாலு வரியாகத்தான் வரும். அதற்குப் பழைய படங்களை எடுத்து ஒட்டுவார்கள். திரையின் மூலையில் 'கோப்புக் காட்சி' என்று சின்னதாகப் போட்டுவிட்டால் தர்மம் முடிந்தது. அந்தப் படங்களுக்கென்று கம்ப்யூட்டரில் தனி அறையே உண்டு: 'மழை 1', 'ஆஸ்பத்திரி 3', 'போலீஸ் ஜீப்', 'கூட்டம் தூரத்தில்'. செல்விக்கு இந்த ஏற்பாடு முதலில் புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. கல்யாண வீடியோவிலும் ஒரே வானத்தைப் பத்துக் கல்யாணத்துக்குப் போட்டிருக்கிறாள்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், ஏதோ ஒரு கிராமத்தில் கள்ளச்சாராயம் குடித்து ஒருவர் செத்துப்போன செய்தி வந்தது. ஏழு மணிச் செய்தியை ஐந்தரைக்குள் முடித்தாக வேண்டும்.

"'காலனி அழுகை 2' போட்டுடு," என்றார் சீனுவாசன், போனைக் காதில் வைத்துக்கொண்டே. "ஒன்பது செகண்ட். கச்சிதமா நிக்கும்."

செல்வி அதைத் திறந்தாள்.

முதலில் அவள் கண்ணில் பட்டது ஒரு கை. ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள். முந்தானை சரிந்து கிடக்கிறது. அவள் தோளை ஒரு சின்னக் கை பிடித்திருக்கிறது. அந்தக் கையின் மணிக்கட்டில் பள்ளிக்கூடத் தலைரிப்பனைச் சுற்றிக் கட்டியிருந்தது. பரீட்சை எழுதிவிட்டு வந்த நாள். பேனா கசிந்து விரல் முழுக்க நீலம். அந்த நீலத்தைச் செல்விக்குத் தெரியும். அது அவளுடைய கை. அழுகிறவள் அவளுடைய அம்மா.

ஒன்பது செகண்ட் ஓடி நின்றது. மறுபடி ஓட்டினாள். மூன்றாவது தடவை ஓட்டும்போது தாடை இறுகிப் பல் வலித்தது.

"சார், இது எங்கம்மா."

"எது?"

"இந்தப் பொம்பள. இந்தக் கை என்னுது."

சீனுவாசன் போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். முகத்தில் சங்கடத்தைத் தேடியவளுக்குக் கிடைத்தது சந்தோஷம்.

"அட, ஆமாவா? இது நான் எடுத்ததும்மா! அப்போ நான் கேமராதான். அந்த லைட்ட பாரு, சாயங்கால வெயிலு அப்டியே மொகத்துல அடிக்குது. அதுக்கப்பறம் இந்த மாதிரி ஒரு ஷாட்டு எனக்கு அமையவே இல்ல."

"எங்கப்பா குடிச்சி சாவல சார்."

"குடிச்சின்னு யாரு சொன்னா? கோப்புக் காட்சின்னு போட்டுத்தான காட்டுறோம்."

"எங்க போட்டுக் காட்டுறீங்க? நகைக்கட விளம்பரத்துக்கு அடியிலயா?"

அது உண்மை. திரையின் கீழே எந்நேரமும் நகைக்கடை விளம்பரப் பட்டை ஓடிக்கொண்டிருக்கும். 'கோப்புக் காட்சி' என்ற எழுத்து சரியாக அதன் பின்னால்தான் விழும். ஒன்பது வருஷமாக ஒருவர் கண்ணிலும் அது பட்டிருக்க வழியில்லை.

"இத பாரு செல்வி, அது உங்கம்மான்னு யாருக்குத் தெரியப் போவுது?"

"எங்க ஊருக்குத் தெரியும் சார்."

"இத்தினி வருஷம் யாரும் வந்து கேக்கலியே."

மாடி ஏறி வந்து கேட்கும் வழக்கமோ தைரியமோ இல்லாதவர்கள் கேட்காமல் இருந்ததைச் சம்மதம் என்று வாங்கி வைத்துக்கொள்வது நம் நாட்டில் பழைய பழக்கம். சீனுவாசன் அதைக் கண்டுபிடித்தவர் அல்ல, அனுபவித்துக்கொண்டிருந்தவர். செல்வி அந்தப் படத்தை எடுத்துவிட்டுப் 'போலீஸ் ஜீப்'பைப் போட்டாள்.

"சாவு வூட்டுக்கு ஜீப்பா வந்து அழுவும்?" என்று கத்திவிட்டு, அவளை நாற்காலியிலிருந்து எழுப்பி, அவரே 'காலனி அழுகை 2'வை ஒட்டினார். ஏழு மணிக்கு அது ஓடியது. தன் கம்ப்யூட்டரிலிருந்து, தன் வேலை நேரத்தில் அது போனதை நினைத்து, விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் வரிசையில் நின்றிருந்தபோது செல்வி ஜன்னல் கம்பியில் கையை அடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள், "இன்னாம்மா, பூச்சியா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சேலையைக்கூட மாற்றாமல் அம்மாவின் முன்னால் உட்கார்ந்தாள்.

"தெரியுமா உனக்கு?"

சவுரியம்மாளுக்கு எதைப் பற்றி என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "நீ எப்போ பாப்பன்னுதான் இருந்தேன்," என்றாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணியிருப்ப? படிச்சிக்கினு இருந்த. ஊர்ல எவன் செத்தாலும் நான்தான் அழுவுறேன். டெங்குல செத்தான்னா நானு. வெட்டிக்கினு செத்தான்னா நானு. இந்த ஜெயம் ஓடியாந்து, 'யக்கா, இன்னிக்கி நீ செஞ்சிக்குப் போய் அழுவுற'ன்னு சொல்லும். மொதல்ல சிரிச்சிக்கினுதான் இருந்தோம். சாராயத்துக்கும் என்னயே போட ஆரம்பிச்ச அப்பறம் யாரும் சிரிக்கல."

"அதுக்குத்தான் கேபிள புடுங்கினியா?"

"நான் புடுங்கினா இன்னா? மத்த வூட்ல ஓடுதே." அவள் முறத்தை நகர்த்தி வைத்தாள். "போன வருஷம் அச்சரப்பாக்கத்துலருந்து உன்ன பொண்ணு பாக்க வந்தாங்களே. பையனுக்கு வெளியூர் வேலன்னு சொல்லிட்டாங்கன்னு உன்கிட்ட சொன்னேன். அதில்ல. அந்தப் பையனோட அத்த என்ன உத்துப் பாத்துக்கினே இருந்துச்சி. பொறப்படும்போது கேட்டுச்சி, 'சாராயம் குடிச்சி செத்தாரே, அவரு சம்சாரந்தான நீங்க?'ன்னு. உங்கப்பா பொடிகூடப் போடமாட்டாரு."

செல்வி எழுந்து நின்றுவிட்டாள். வரன் போனதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பையனின் முகம்கூட நினைவில்லை. அந்தக் கேள்விக்கு முன்னால் அம்மா எப்படி நின்றிருப்பாள் என்பதுதான் அவளை எழுப்பிவிட்டது.

"நாளைக்கே அத அழிக்கிறேன்," என்றாள்.

"அழுததுக்கு எனக்கு இன்னாடி வெக்கம்? புருஷன் செத்தா அழாம? நான் பேசினேன் செல்வி. அந்த ஆளு மைக்க நீட்டிக்கினு நின்னாரு, எல்லாத்தையும் சொன்னேன். கெணத்துக்காரன் அங்கயே நிக்கிறான், அவன் எதிர்லயே சொன்னேன். அழுதத மட்டும் வெச்சிக்கினாங்க. நான் பேசினது எங்க?"

அந்தச் சேனலில் எதையும் தூக்கிப் போடுவதில்லை. கேமராவிலிருந்து வெட்டாமல் இறக்கிய முழுப் படங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்குகளில், மார்க்கரால் தேதி எழுதி, ஒரு இரும்பு பீரோவில் அடுக்கியிருந்தன. யோசித்து வைத்ததல்ல, ஒழுங்குபடுத்த ஆளில்லாததால் தங்கிவிட்டவை. செல்வி சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டினாள். மலர்விழி பார்த்தும் பாராதவளாகத் தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி எலுமிச்சைச் சாதத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். நாலாம் நாள் கிடைத்தது. பதினோரு நிமிஷம்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள். அம்மா அழவில்லை. மைக்கின் முன்னால் நேராக நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

"மேல மண்ணு ஈரமா கீது, பலக வெச்சித் தடுப்பு கட்டுங்கன்னு இவரு காலைலயே கேட்டாரு. இன்னும் ரெண்டடிதான், எறங்குன்னாங்க. எறங்கலன்னா நாளைலருந்து வேலைக்கு வராதன்னாங்க. இப்போ குடிச்சிட்டு எறங்கினான்னு சொல்றாங்க. எங்க வூட்டுக்காரரு குடிக்கமாட்டாரு. எழுதிக்கோங்க சார், குடிக்கமாட்டாரு."

நாற்பது செகண்ட். அதற்கப்புறம் படம் கொஞ்ச நேரம் தரையைக் காட்டியது. யாரிடமோ பேசும் சீனுவாசனின் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய குரல்: "பேசினது வேணாவாம். ஆபீஸ்ல சொல்ட்டாங்க, கெணத்துக்காரரு நம்ம ஆளாம். அழுவுறத மட்டும் எடுத்துக்கினு வர்றேன்." கேமரா நிமிர்ந்தது. ராயப்பனைக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். சவுரியம்மாள் உடைந்தாள். "யம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு. வெயிலு பக்கம்," என்றது அதே குரல்.

நீல விரல் கை அப்போதுதான் உள்ளே வருகிறது. ஒன்பது செகண்டில் அது ஆறுதல் சொல்லும் கை. முழுப் படத்தில் அப்படி இல்லை. அது அம்மாவின் தோளைப் பிடித்துக் கேமராவுக்கு மறுபக்கம் இழுக்கிறது. இழுத்துத் திருப்பியும்விடுகிறது. அந்த இடத்துக்குச் சரியாக முன்னால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டு சுத்தமாக இருந்தது. தொழில் தெரிந்தவள் என்பதால் செல்விக்கு அதுவும் தெரிந்தது.

அந்த வாரமே, சாலையோரம் பள்ளம் தோண்டியபோது மண் சரிந்து ஒரு தொழிலாளி இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது.

"அழுகை 2," என்றார் சீனுவாசன்.

"சரி சார்."

அவர் ஐந்தரைக்குப் பார்த்துச் சரி சொன்ன செய்தியில் அதுதான் இருந்தது. அவர் டீ குடிக்கக் கீழே இறங்கியதும் செல்வி அந்த ஒன்பது செகண்டை எடுத்துவிட்டு நாற்பது செகண்டை வைத்தாள். 'கோப்புக் காட்சி' என்பதைப் பெரிய எழுத்தில் திரையின் மேலே போட்டாள். நாள், மாதம், வருஷம் போட்டாள். கீழே 'சவுரியம்மாள், கிணற்றில் மண் சரிந்து இறந்த ராயப்பனின் மனைவி' என்று எழுதினாள். அந்த எழுத்து தெரிய வேண்டும் என்பதற்காக நாற்பது செகண்டுக்கு நகைக்கடைப் பட்டையை நிறுத்திவைத்தாள். ஒரு செய்தியை முறையாகப் போடுவது எப்படி என்று புத்தகத்தில் எழுதியிருக்குமே, அவ்வளவுதான் செய்தாள். அந்த மாடியில் அது கலகம் ஆகிவிட்டது.

ஏழு மணிக்கு அவள் பஸ்ஸில் இருந்தாள். ஓடியதை அவள் பார்க்கவில்லை. விக்கிரவாண்டி தாண்டும்போது போன் அடித்தது.

"பட்டைய எவ நிறுத்தச் சொன்னா உன்ன?" சீனுவாசன். அவருக்கு முதலில் வந்தது அதுதான். "நகைக்கடைக்காரரு லைன்ல கீறாரு! அந்தக் கெணத்துக்காரரு ஆளுங்க வேற! யாரக் கேட்டுப் போட்ட?"

"நீங்கதான் சார் எடுத்தீங்க," என்றாள் செல்வி. "நல்ல ஷாட்டு." போனை அணைத்துவிட்டாள்.

காலனியில் இறங்கியபோது ஜெயம் வீட்டு வாசலில் கூட்டம். நடுவில் சவுரியம்மாள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், ஊசி போட்டுக்கொண்டவள்போலக் கையைப் பிடித்துக்கொண்டு.

"உங்கம்மா எல்லாத்தையும் சொல்லிச்சி செல்வி, ஒண்ணு விடாம!" என்றாள் ஜெயம். "கெணத்துக்காரன் பேர மட்டும் சொல்லல."

"பேரு எல்லாருக்கும் தெரியும்," என்றாள் சவுரியம்மாள். பிறகு மகளைப் பார்த்து, "என் குரலு அப்டியாடி இருக்கும்?" என்று கேட்டாள்.

மறுநாள் செல்வி வேலைக்குப் போனாள். விரட்டுவார்கள் என்று தயாராகத்தான் போனாள். மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் முதலில் வைத்துக்கொண்டாள். சீனுவாசன் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். ஒரே ராத்திரியில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மொதலாளி வக்கீலக் கேட்டாராம். உன்ன இப்போ அனுப்பினா கேஸ் போடுவியாம். ஒன்பது வருஷமா எத்தினி தடவ போட்டோம்னு ஜட்ஜி கேட்டா நாங்க எங்க போறது? நீ இரு. வேலைய பாரு. நேத்து நடந்தத நாங்களும் பேசல, நீயும் பேசாத."

"சரி."

"அப்பறம் இது." அவர் கம்ப்யூட்டரைத் திறந்து, 'காலனி அழுகை 2' மேல் அம்பை வைத்து, மவுஸை அவள் பக்கம் தள்ளினார். "அழிச்சிடு. உன் கையாலயே அழிச்சிடு. நான் எடுத்ததுதான், எனக்கு வருத்தமில்ல. உங்கம்மா மொகம் இனிமே வராது. முடிஞ்சிது."

வருத்தமில்லை என்று அவர் சொன்னதை நம்பலாம். பயம் வருத்தத்துக்கு இடம் விட்டிருக்காது.

நிரந்தரமாக அழிக்கவா என்று திரை கேட்டது. இதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றாள். இதை அழிக்கிறேன் என்றுதான் அம்மாவிடம் சொன்னாள். செல்வி அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் படித்தாள். பிறகு 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள்.

"இன்னாம்மா?" என்றார் சீனுவாசன். "ஏன்?"

"இன்னிக்கி மொதல் நியூஸ் இன்னா சார்?"

அவள் வழக்குப் போடவில்லை. வேலையையும் விடவில்லை. அந்த மாதம் மட்டும் சீனுவாசன் மூன்று முறை அழிக்கச் சொன்னார். மூன்று முறையும் அவள் அடுத்த செய்தி என்ன என்று கேட்டாள். அவரே அழித்திருக்கலாம், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவருக்குக் கை வரவில்லை.

சவுரியம்மாள் ஒரே முறைதான் கேட்டாள்.

"அழிச்சிட்டியா?"

"இல்ல. அழிச்சிட்டா, போட்டதே இல்லன்னுடுவாங்க."

செல்வி முறத்தைத் தன் பக்கம் இழுத்து, ஒரு பிடி மல்லாட்டையை அள்ளிக்கொண்டு, உரிக்க ஆரம்பித்தாள்.